தை மாதக் கடல், ஆடி மாதக் கடல்: மொரிஷியஸ் நீரில் ஒலிப் பரவலுக்கு உள்ளீட்டுக் கோப்பு எழுதுவது

கடலுக்குள் ஒலி எப்படிப் பரவும் என்று கணக்கிடும் நிரல் பெல்ஹாப். அதற்கு எதைக் கொடுத்தாலும் ஒரு படம் வந்துவிடும். தவறான கடல்தரை, தவறான மாதம், தவறான அலகு என்று எது உள்ளே போனாலும் சரி, சிவப்பும் நீலமுமாகப் பரவல் இழப்பை, அதாவது போகும் வழியில் ஒலி எவ்வளவு மங்குகிறது என்பதை, தீட்டி வெளியே தள்ளும். அறிக்கையில் அதை ஒட்டிவிட்டால், அது எந்தக் கடலின் படம் என்று கேட்க ஆளிருக்காது. கேட்க வேண்டிய இடம் உள்ளீட்டுக் கோப்பு. இருபது முப்பது வரிகள்தான். ஒவ்வோர் எண்ணும் எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாதவரை அந்தப் படத்தை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள்.

மொரிஷியஸ், ரெயூனியோன் பக்கம் வேலை செய்பவர்களுக்கு இதில் கூடுதல் வம்பு உண்டு. கைமாறிக் கைமாறி வரும் மாதிரிக் கோப்புகள் பெரும்பாலும் குளிர்நாட்டு ஆழமற்ற கடலுக்கு எழுதியவை. 100 மீட்டர் ஆழம், தட்டையான மணல்தரை, 1500 மீ/வி-யை ஒட்டிய ஒலிவேகம். நம் தீவில் பவளத்திட்டு தாண்டிச் சில கிலோமீட்டர் போனாலே ஆயிரம் மீட்டர் ஆழம். அடியில் எரிமலைப் பாறை. மேலே கோடையில் 28 பாகை வெந்நீர். இரவல் சட்டை தோளில் பிடிக்கும், இடுப்பில் தொங்கும்.

முதலில் எந்த மென்பொருள் என்பது. இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். மைக்கேல் போர்ட்டரின் அகூஸ்டிக்ஸ் டூல்பாக்ஸ் என்ற நிரல்தொகுப்பில் உள்ள பெல்ஹாப், ஒலியைக் கதிர்களாகப் பின்தொடரும் கதிர்முறை. நீரின் ஆழம் அலைநீளத்தைப் போல் பல மடங்கு இருக்கும்போதுதான் அது சரிப்படும். 50 ஹெர்ட்ஸுக்கு அலைநீளம் 30 மீட்டர், 1 கிலோஹெர்ட்ஸுக்கு ஒன்றரை மீட்டர். ஆகவே 40 மீட்டர் ஆழத்தில் 50 ஹெர்ட்ஸ் கப்பல் இரைச்சலை பெல்ஹாப்பில் ஓட்டுவது வீண்வேலை. தாழ்ந்த அதிர்வெண், தட்டையான தரை என்றால் கிராக்கன். தாழ்ந்த அதிர்வெண், சரியும் தரை என்றால் மைக்கேல் காலின்ஸ் எழுதிய ராம். நம் கரைகள் எல்லாமே சரிவுதான் என்பதால் 200, 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே ராம், அதற்கு மேலே பெல்ஹாப் என்று பிரித்துக்கொண்டு, இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரே அதிர்வெண்ணை இரண்டிலும் ஓட்டிப் பார்ப்பது நல்லது. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் எங்கோ ஓர் உள்ளீடு பொய் சொல்கிறது.

ஒலிவேகம்: தையில் ஒன்று, ஆடியில் ஒன்று

தை மாதம் நமக்குக் கோடை. தைப்பூசக் காவடி எடுக்கும் நாட்களில் மேற்பரப்பு நீர் 27, 28 பாகையில் இருக்கும். ஆடி, ஆவணியில், கூன்முதுகுத் திமிங்கலங்கள் வந்து நிற்கும் காலத்தில், 23 பாகைக்கு இறங்கிவிடும். வட அரைக்கோளத்தில் எழுதிய கோப்பில் ஜனவரி என்று போட்டிருந்தால் அது குளிர்கால வரைவு (ஆழத்துக்கு ஆழம் ஒலிவேகம் என்ன என்ற பட்டியல்). அதை மாற்றாமல் எடுத்து இங்கே ஓட்டுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதற்குக் கணக்கே போட்டுப் பார்க்கலாம். 1981-இல் மெக்கன்சி வெளியிட்ட ஒன்பது உறுப்புச் சமன்பாடு போதும். 8000 மீட்டர் ஆழம் வரை செல்லும். உப்புத்தன்மை 35 என்று வைத்தால் மேற்பரப்பில் 28 பாகைக்கு 1541 மீ/வி, 23 பாகைக்கு 1529 மீ/வி. கீழே இறங்க இறங்கக் குளிர்ந்து, 1300 மீட்டர் வாக்கில் 1489-க்கு அருகே வந்துவிடும். அங்கேதான் ஆழ்கடல் ஒலித்தடத்தின் அச்சு. அதற்குக் கீழே வெப்பம் அதிகம் மாறாது, அழுத்தம் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகும். ஆழ்நீர் 1.5 பாகை என்று கொண்டால் 4000 மீட்டரில் 1524, 4500-இல் 1532, 5000-இல் 1541.

இப்போது இந்த எண்களை ஒன்றோடொன்று ஒட்டிப் பாருங்கள். மேற்பரப்புக்கு அருகே ஓடும் கப்பலின் ஓசை ஆழத்தில் போய்த் திரும்பி மேலே வந்து குவிய வேண்டுமானால், மேற்பரப்பு வேகத்தைக் கீழே எங்கோ மீண்டும் தொட்டாக வேண்டும். கோடையில் அந்த ஆழம் சுமார் 5000 மீட்டர். குளிர்காலத்தில் சுமார் 4350. ஆக, 4500 மீட்டர் ஆழமுள்ள ஓரிடத்தில் ஆடி மாதம் குவிமண்டலம் உண்டு. தை மாதம் கிடையாது. கோடையில் கிடைமட்டமாகப் புறப்பட்ட கதிர்கூட 4500 மீட்டர் தரையில் சுமார் 6 பாகைக் கோணத்தில் போய் மோதும். அதாவது கோடையில் உங்கள் விடையைத் தீர்மானிப்பது கடல்தரை, குளிர்காலத்தில் நீர். ஆண்டுச் சராசரி வரைவு ஒன்றைப் போட்டால் இரண்டுமில்லாத, எந்த மாதத்திலும் இல்லாத ஒரு கடல் கிடைக்கும்.

தரவு எங்கே எடுப்பது? உலகக் கடல்களின் வெப்பம், உப்பு இவற்றின் சராசரித் தொகுப்பான வேர்ல்ட் ஓஷன் அட்லஸ் கால் பாகைக் கட்டங்களில் கிடைக்கிறது. ஆனால் அதன் மாத வாரித் தரவு 1500 மீட்டரோடு நின்றுவிடும். 5500 மீட்டர் வரை வேண்டுமானால் பருவ வாரி அல்லது ஆண்டுத் தரவைத்தான் கீழே ஒட்ட வேண்டும். ஒட்டும் இடத்தில் வெப்பத்தில் ஒரு சின்னப் படி விழும். அதை அப்படியே விட்டால் 1500 மீட்டரில் ஒரு பொய்யான கண்ணாடி உருவாகி, கதிர்கள் அங்கே சேர்ந்து வளையும். 1200 முதல் 1500 வரை இரண்டையும் எடையிட்டுக் கலந்து இறக்குங்கள். வேகத்தைக் கலக்காமல், வெப்பத்தையும் உப்பையும் கலந்துவிட்டுப் பிறகு வேகம் கணக்கிடுவது முறை.

அட்லஸில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. மேலே நன்கு கலந்த நீரடுக்கு ஒரு நாள் 30 மீட்டர், இன்னொரு நாள் 80 மீட்டர் என்று இருக்கும். இரண்டையும் சராசரி எடுத்தால் அடுக்கே அழிந்து ஒரு வழுவழுப்பான சரிவு மிஞ்சும். மேல்மட்ட ஒலிவழியில் எவ்வளவு தூரம் கேட்கும் என்பது கேள்வியானால் அட்லஸ் உதவாது. கடலில் மிதந்தபடி தானே மூழ்கி அளக்கும் ஆர்கோ மிதவை ஒன்றின் நேரடி வரைவை எடுங்கள், 2000 மீட்டர் வரை இருக்கும். 50 மீட்டர் தடித்த அடுக்கு சுமார் 530 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் ஒலியைப் பிடித்து வைக்கும், 80 மீட்டர் அடுக்கு 260 ஹெர்ட்ஸிலேயே பிடிக்கும். புயல் ஒன்று கடந்துபோன வாரத்தில் இந்த அடுக்கின் தடிப்பு தலைகீழாக மாறும் என்பதால், அளவீட்டோடு ஒப்பிடப் போகிறவர்கள் தேதியைப் பார்த்து மிதவையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

புள்ளிகளுக்கு இடையே எப்படிக் கோடு போடுவது என்பதற்கு, கோப்பின் நான்காம் வரியில் வரும் விருப்ப எழுத்துகளில் முதலாவது. எஸ் என்றால் ஸ்ப்ளைன், சி என்றால் நேர்கோடு, பி என்றால் துள்ளாத வளைகோடு. எஸ் பார்க்க வழுவழுப்பாக இருக்கும். ஆனால் 100 மீட்டருக்கு ஒரு புள்ளி என்று அரிதாகக் கொடுத்தால் நடுவே வேகம் எகிறிக் குதித்து இல்லாத ஒலிவழிகளை உருவாக்கும். சி அப்படிக் குதிக்காது. பதிலுக்கு ஒவ்வொரு மூட்டிலும் சாய்வு உடைவதால் கதிர்கள் பொய்யாகக் குவியும். பி-யைப் போட்டு, மேல் 200 மீட்டரில் 10 மீட்டருக்கு ஒரு புள்ளி, கீழே 200 மீட்டருக்கு ஒன்று என்று கொடுப்பதே எங்கள் பழக்கம்.

காற்புள்ளி

இந்த ஒரு சங்கதிக்குத் தனித் தலைப்பு கொடுக்காமல் முடியாது. ரெயூனியோனில் பெரும்பாலான கணினிகளும், மொரிஷியஸில் பல கணினிகளும் பிரெஞ்சு அமைப்பில் இருக்கும். எக்செலில் ஒலிவேகம் கணக்கிட்டு உரைக்கோப்பாகச் சேமித்தால் தசமம் புள்ளியாக வராது, காற்புள்ளியாக வரும். வரி இப்படி இருக்கும்:

10 1541,2 /

இந்த நிரல்கள் எழுதப்பட்ட ஃபோர்ட்ரான் மொழிக்குக் காற்புள்ளி என்பது இரண்டு எண்களைப் பிரிக்கும் வேலி. அந்த வரியை ஆழம் 10, ஒலிவேகம் 1541, குறுக்கலை (திடப்பொருளில் மட்டும் ஓடும் அலை) வேகம் 2 என்று படிக்கும். பிழைச்செய்தி வராது. ஆழங்கள் ஒழுங்காக ஏறுகின்றன, கடைசி ஆழம் தரையோடு பொருந்துகிறது, எல்லாம் சரியாகத்தான் தெரியும். பெல்ஹாப்பில் தசமம் மட்டும் போகும், பெரிய சேதமில்லை. அதே கோப்பைக் கிராக்கனுக்குக் கொடுத்தால், குறுக்கலை வேகம் சுழியில்லை என்பதால் கடல்நீரையே ஒரு திடப்பொருள் அடுக்காக எடுத்துக்கொள்ளும். ஆழத்திலும் தசமம் இருந்து '10,5 1541,2 /' என்று வந்தால் இன்னும் வேடிக்கை: ஒலிவேகம் விநாடிக்கு 5 மீட்டர். ரூபாய் நோட்டில் தமிழ் எண்ணையும் அச்சிடும் நாடு இது. எந்த எழுத்து யாருக்கு என்று நமக்குத் தெரியாததா. கோப்பை ஓட்டுமுன் காற்புள்ளியை ஒரு தரம் தேடிவிடுங்கள்.

வரி முடிவில் இருக்கும் சாய்கோடும் அலங்காரத்துக்காக அல்ல. 'மீதி எண்களைப் படிக்காதே, முன்பு வைத்திருந்ததையே வைத்துக்கொள்' என்பது அதன் பொருள். அதை விட்டுவிட்டால் நிரல் ஆறு எண்கள் நிறையும் வரை அடுத்த வரியையும் சேர்த்து விழுங்கும். அதுவே மறுபக்கமும் கடிக்கும்: கடல்தரை வரியில் '4500.0 5250.0 /' என்று மட்டும் எழுதினால் அடர்த்தி நீரின் 1.0 ஆகவே நிற்கும், குறுக்கலை வேகம் சுழியாகவே நிற்கும். நீரின் எடையுள்ள பாறை.

தரை

மாதிரிக் கோப்புகளில் காணப்படும் மணல் எண்கள், ஏறத்தாழ: ஒலிவேகம் 1650 மீ/வி, அடர்த்தி 1.9, தேய்வு அலைநீளத்துக்கு 0.8 டெசிபெல். எரிமலைப் பாறையான பசால்ட்டுக்குப் பாடநூல் எண்கள் வேறு உலகம்: நெட்டலை 5250, குறுக்கலை 2500, அடர்த்தி 2.7, தேய்வு 0.1, 0.2. கோப்பில் அந்த வரி இப்படி நிற்கும்:

4500.0 5250.0 2500.0 2.7 0.1 0.2 /

வரிசையைக் கவனியுங்கள். ஆழம், நெட்டலை, குறுக்கலை, அடர்த்தி, அதன்பிறகே இரண்டு தேய்வுகளும். குறுக்கலையை ஒதுக்கிவிட்டு அடர்த்தியை மூன்றாவதாக எழுதுவது அடிக்கடி நடக்கும் பிழை.

ஏன் இது இவ்வளவு முக்கியம்? மணல்தரையில் 1500 மீ/வி நீரிலிருந்து வரும் ஒலி, தரையை உரசும் கோணம் 24, 25 பாகைக்குள் இருந்தால்தான் முழுதாகத் திரும்பும்; அதற்கு மேல் மணலுக்குள் இறங்கிவிடும். பசால்ட்டில் 53 பாகை வரை திரும்பும். அதற்கு மேல் குறுக்கலை வழியாகக் கசியத் தொடங்கும். குறுக்கலையைச் சுழியாக்கிப் பசால்ட்டை ஒரு கனத்த திரவமாகக் கொடுத்தால் அந்த எல்லை 73 பாகைக்கு ஏறிவிடும். ராம் திரவத் தரையை மட்டுமே அறியும். தொலைதூரத்துக்குப் பரவும் ஒலி தாழ்ந்த கோணங்களில் போவதால் அங்கே பெரிய தீங்கில்லை. செங்குத்தான சரிவுக்கு நேர் மேலே, கிட்டத்தில், ராம் சொல்வதை அப்படியே நம்பக்கூடாது. குறுக்கலை உள்ள தரையைச் சமான திரவமாக மாற்றும் உபாயம் ஒன்று உண்டு. அது குறுக்கலை வேகம் நீரின் வேகத்தைவிட நன்றாகக் குறைந்த மென்பாறைகளுக்கே பொருந்தும், பசால்ட்டுக்குப் பொருந்தாது.

சுண்ணப் பாறையில் நிலைமை இன்னும் கோணல். அதன் குறுக்கலை வேகம் 1500-ஐ ஒட்டி, ஏறக்குறைய நீரின் வேகமாகவே இருக்கும். அதைவிட மெத்தென்ற பழைய பவளப் படிவுகளில் இன்னும் குறையும். அப்போது தாழ்ந்த கோணத்தில் வரும் ஒலியும் குறுக்கலையாகப் பாறைக்குள் ஒழுகும். பார்க்கக் கெட்டியாக இருக்கிறதே என்று பசால்ட் எண்களைப் போட்டால், உண்மையில் செத்துப்போகும் ஒலி உங்கள் படத்தில் உயிரோடு ஓடிக்கொண்டிருக்கும்.

சரி, பசால்ட்டின் மேல் பவளமணல் கிடந்தால்? லெ மோர்ன் முனையில் வானிலிருந்து எடுத்த 'கடலடி அருவி' படங்களைப் பார்த்திருப்பீர்கள். மணலும் படிவும் விளிம்பு தாண்டிச் சரியும் தோற்றம்தான் அது. அங்கே தரை மணலா பாறையா என்ற கேள்விக்கு ஒரே விடை இல்லை, அதிர்வெண்ணைப் பொறுத்தது. 2 மீட்டர் மணல் என்று வையுங்கள். 50 ஹெர்ட்ஸில் மணலுக்குள் அலைநீளம் 33 மீட்டர். அந்த ஒலிக்கு 2 மீட்டர் மணல் ஒரு போர்வைகூட இல்லை, நேரே பாறையைத்தான் தொடும். 5 கிலோஹெர்ட்ஸில் அலைநீளம் 33 சென்டிமீட்டர். ஆறு அலைநீளத் தடிப்பு, பாறை இருப்பதே தெரியாது. ஆகவே ஒரே இடத்துக்கு இரண்டு தரைக் கோப்புகள் வேண்டும். நடுவில் உள்ள அதிர்வெண்களுக்கு மணலையும் பாறையையும் அடுக்காகக் கொடுத்து டூல்பாக்ஸில் உள்ள பவுன்ஸ் நிரலை ஓட்டுங்கள். அது கோண வாரியாக எதிரொலிப்புக் குணகக் கோப்பு ஒன்றைத் தரும். பெல்ஹாப்பின் தரை விருப்பத்தில் ஏ-க்குப் பதில் எஃப் போட்டால் அதைப் படித்துக்கொள்ளும். கரையில் மணல், சரிவில் பாறை, ஆழத்தில் மெல்லிய சேறு என்று தூரத்தோடு தரை மாறினால், ஆழக்கோப்பின் நீள்வடிவில் ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனித் தரை எண்கள் கொடுக்க வழி இருக்கிறது.

தேய்வின் அலகு மூன்றாவது விருப்ப எழுத்து. டபிள்யூ என்றால் அலைநீளத்துக்கு, எம் என்றால் மீட்டருக்கு. 0.8 என்று எழுதிவிட்டு எழுத்தை எம் என்று விட்டால், 50 ஹெர்ட்ஸில் 33 மடங்கு தேய்வு. தரை பஞ்சாகிவிடும். நீண்ட தூரத்தில் ஒலி 'எதிர்பார்த்ததைவிட வேகமாக' மங்கினால் முதலில் இந்த எழுத்தைப் பாருங்கள்.

ஆழம்

உலகக் கடல் ஆழங்களின் தரவுத் தொகுப்பான ஜெப்கோவின் கட்டம் 15 விகலை, நம் ஊரில் வடக்கு தெற்காக சுமார் 460 மீட்டர், கிழக்கு மேற்காக 435. பவளத்திட்டுக்கும் கரைக்கும் நடுவே ஒரு கிலோமீட்டர் அகல லகூன் அதில் இரண்டு கட்டம்தான். பவளத்திட்டின் முகடும் அதன் வெளிப்புறச் சுவரும் ஒன்றாகக் கரைந்து மெல்லிய சரிவாகிவிடும். உள்ளூர் மீனவர்கள் பிரிசான் என்று சொல்லும் அந்த அலையுடையும் கோடு, ஒலிக்கு உண்மையில் ஒரு சுவர். ஆகவே கரையோரத்துக்கு ஜெப்கோவை ஒதுக்கிவிட்டுக் கடல் வரைபடத்தை எடுங்கள். மொரிஷியஸைச் சுற்றி இந்தியக் கடற்படையின் நீரளவைக் கப்பல்கள் அளந்த தாள்கள் உண்டு, ரெயூனியோனுக்கு லித்தோ-3டி லேசர் அளவீடு உண்டு. ஆழ்கடலில் ஜெப்கோ போதும். ஆனால் அதோடு வரும் வகைக்குறிக் கட்டத்தைத் திறந்து பார்க்க வேண்டும்: அந்த ஆழம் கப்பல் அளந்ததா, செயற்கைக்கோளின் ஈர்ப்புத் தரவிலிருந்து ஊகித்ததா என்று அதில் இருக்கும்.

குறிகளில் தடுக்கி விழுவது எல்லோருக்கும் நடக்கும். ஜெப்கோவில் கடல் எதிர்மறை, பெல்ஹாப்பில் ஆழம் நேர்மறை. அட்சரேகை நமக்கு எதிர்மறை. அதை மறந்தால் புள்ளி ஓமான் பக்கம் போய் விழும். யுடிஎம் வரைபடக் கட்டமைப்பில் இரு தீவுகளும் 40-ஆம் தெற்கு மண்டலம். ஒரு பாகை தீர்க்கரேகையை 111 கி.மீ. என்று எடுக்காதீர்கள், 20 பாகைத் தெற்கில் அது 104.6 தான். கிழக்கு மேற்காக 100 கி.மீ. கோடு போட்டால் 6 கி.மீ. தள்ளிப்போகும், சரிவில் 6 கி.மீ. என்பது ஆயிரம் மீட்டர் ஆழத்துக்கும் கரைக்கும் உள்ள வித்தியாசம். தூரம் கூடக் கூட, வரைபடத்தில் ஸ்கேல் வைத்து இழுத்த கோடே ஒலி போகும் பாதையாகாது. 1960-இல் பெர்த் அருகே வெடித்த வெடிகளை பெர்மூடாவில் கேட்டபோது, பாதையை விளக்கப் பூமி ஒரு முழுக்கோளம் அல்ல என்பதையும், தென்கடல் ஒலியைப் பக்கவாட்டில் வளைக்கிறது என்பதையும் பிற்பாடு கணக்கில் சேர்க்க வேண்டியிருந்தது.

ஒலிவேக வரைவு, ஆழக்கோப்பின் மிக ஆழமான புள்ளி வரை இறங்கியிருக்க வேண்டும். ஆழக்கோப்பில் 4512 இருந்து, வரைவு 4500-இல் நின்றால் பெல்ஹாப் ஓடாது, தரை வரைவுக்குக் கீழே போகிறது என்று நின்றுவிடும். இது நல்ல பிழை, சொல்லிவிட்டு நிற்கிறது. சொல்லாமல் கெடுப்பது வேறு ஒன்று: துறைமுகக் கால்வாய் தோண்டி ஆழப்படுத்தப்பட்டது, கட்டத் தரவில் அது தெரியாது. அங்கே 3 மீட்டர் என்று இருக்க, நீங்கள் ஒலிமூலத்தை 6 மீட்டரில் வைத்தால் மூலம் மண்ணுக்குள் புதைந்து கிடக்கும்.

லகூனுக்குள் ஒரு கணக்கு. 2 மீட்டர் நீர், மணல்தரை என்றால் சுமார் 540 ஹெர்ட்ஸுக்குக் கீழ் ஒலி பரவவே பரவாது. அரை மீட்டர் ஏற்றம் சேர்ந்தால் அந்த எல்லை 430-க்கு இறங்கும். நம் கடலில் ஏற்றவற்றம் சிறிதுதான் என்று மற்ற இடங்களில் ஒதுக்கலாம், லகூனில் ஒதுக்க முடியாது. கடல் வரைபடத்து ஆழம் தாழ்ந்த வற்றத்திலிருந்து அளந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மீதி வரிகள்

மூலத்தின் ஆழத்தை யாரும் பெரிதாக எண்ணுவதில்லை. கப்பல் சுழலி 6 மீட்டரிலா 3 மீட்டரிலா என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுவார்கள். தாழ்ந்த அதிர்வெண்ணில் கடல்மட்டம் ஓசையைத் தலைகீழாக்கித் திருப்பியனுப்பி மூலத்தையே பெருமளவு அழித்துவிடும். தாழ்ந்த கோணங்களில் ஆழம் இரட்டிப்பானால் மட்டம் 6 டெசிபெல் ஏறும். சரக்கேற்றிய கப்பலும் வெறுங்கப்பலும் ஒன்றில்லை.

உயர்ந்த அதிர்வெண்ணுக்கு நீரின் உறிஞ்சல். நான்காவது எழுத்தில் டி போட்டால் தார்ப் சூத்திரம். அது சுமார் 4 பாகைக் குளிர்நீருக்கு அமைந்தது. மேற்குக் கரையில் எண்ணெய்த் திமிங்கலத்தின் சொடுக்கொலியை 12 கிலோஹெர்ட்ஸில் கணக்கிட்டால் தார்ப் கிலோமீட்டருக்கு 1.65 டெசிபெல் என்னும். 27 பாகை மேல்நீரில் உண்மை அதில் ஏறத்தாழ பாதி. 10 கி.மீ. தூரத்தில் 8 டெசிபெல் வித்தியாசம். ஆகவே எஃப் போட்டு, அடுத்த வரியில் வெப்பம், உப்பு, பிஎச், சராசரி ஆழம் கொடுக்கும் பிரான்சுவா-காரிசன் வழியே நமக்கு ஏற்றது. திமிங்கலம் ஆழத்தில் இருக்கும்போது எழுப்பும் ஒலிக்கு மேற்பரப்பு வெப்பத்தைக் கொடுக்காமல், பாதை நெடுகிலும் உள்ள சராசரியைக் கொடுக்க வேண்டும்.

தூரம் பெல்ஹாப்பில் கிலோமீட்டர், ராமில் மீட்டர். 50000 என்று பெல்ஹாப்புக்குக் கொடுத்தால் பூமியை ஒருமுறை சுற்றி மேலும் பத்தாயிரம் கிலோமீட்டர் போகச் சொல்கிறீர்கள். கணக்கு முடியவே முடியாது என்று தோன்றினால் காரணம் பெரும்பாலும் இதுதான். கதிர்களைப் பின்தொடரும் எல்லையான கதிர்ப்பெட்டியின் ஆழம் மிக ஆழமான தரைக்கும் சற்றுக் கீழே, நீளம் கடைசிக் கேட்குமிடத்துக்கும் சற்று அப்பால் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கதிர் பெட்டியின் விளிம்பில் செத்து, ஓரத்தில் பொய்யான மௌனம் விழும். கேட்குமிடங்களைச் சுழி தூரத்தில் தொடங்காதீர்கள். கற்றைகளின் எண்ணிக்கையைச் சுழியாக விட்டால் நிரலே முடிவு செய்யும். அதை இரட்டிப்பாக்கி ஒரு தரம் ஓட்டி, படம் மாறுகிறதா என்று பாருங்கள். 0.1 பாகை இடைவெளி 100 கி.மீ.-இல் 175 மீட்டராக விரியும்.

ராமில் கணிப்பெட்டியின் அடி தரைக்குக் கீழே நன்றாக இறங்கி, அங்கே தேய்வு மெல்ல மெல்ல அலைநீளத்துக்கு 10 டெசிபெல் வரை ஏற வேண்டும். திடீரென ஏற்றினால் அந்த ஏற்றமே ஒரு தரையாகி எதிரொலிக்கும். ஆழப் படி அலைநீளத்தில் பத்தில் ஒன்றோ அதற்குக் குறைவோ. ஒவ்வொரு தொகுதியும் '-1 -1' வரியோடு முடியும்; ஒன்றை விட்டால் ஒலிவேகத்தைத் தரையின் ஆழமாகப் படிக்கும். ராம் சரிவைப் படிக்கட்டாக வெட்டிக்கொள்ளும் என்பதால், நம் சரிவுகளில் தூரப் படியைப் பாதியாக்கி ஓட்டிப் பார்ப்பதும் கட்டாயம்.

முதல் ஓட்டத்தைப் பரவல் இழப்புக்குச் செலவிடாதீர்கள். ஓட்ட வகையைச் சொல்லும் எழுத்தில் ஆர் போட்டு இருபது கதிர்கள் மட்டும் வரையுங்கள். தரையைத் துளைக்கும் கதிர், 1500 மீட்டரில் திடீரென உடையும் கதிர், தீவுக்குள் புகும் கதிர் எல்லாம் அங்கேயே மாட்டிக்கொள்ளும். பிறகு இழப்பை ஓட்டும்போது 1 கி.மீ.-இல் 60 டெசிபெல்லை ஒட்டி வருகிறதா என்று பாருங்கள். 30 வந்தால் அலகு தவறு. ஓட்ட வகை எழுத்தில் சி போட்டால் ஒற்றை அதிர்வெண்ணில் ஆழமான குழிகளைக் காட்டும். பட்டை முழுவதற்கும் இரைச்சல் மதிப்பிடுகிறவர்களுக்கு ஐ போதும், இல்லாவிட்டால் பட்டைக்குள் பல அதிர்வெண்களை ஓட்டிச் சராசரி எடுக்கலாம். ஒரே நீரொலிவாங்கி, நூறு கப்பல் இடங்கள் என்றால் மூலத்தையும் கேட்குமிடத்தையும் இடம் மாற்றி ஒரே ஓட்டத்தில் முடிக்கலாம். இரு திசையிலும் ஒரே விடை வரவில்லை என்றால் ஆழக்கோப்பைத் திருப்பிப் போட மறந்திருக்கிறீர்கள்.

கோப்பில் தமிழில் குறிப்பு எழுதலாமா என்று கேட்பவர்களுக்கு: சாய்கோட்டுக்குப் பின்னால் வருவதை நிரல் படிப்பதில்லை, ஆகவே அங்கே தாராளமாக எழுதுங்கள், வரைவு எந்த மாதத்து மிதவை, ஆழம் அளந்ததா ஊகித்ததா, தரை மணலா பாறையா என்று அந்தந்த வரியிலேயே. முதல் வரித் தலைப்பில் மட்டும் வேண்டாம். அதற்கு 80 பைட் இடம்தான். தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் பிடிக்கும். 'ஃபிளிக் ஆன் ஃபிளாக், ஆடி மாதம், 12 கிலோஹெர்ட்ஸ்' என்று எழுதினால் ஆடி மாதத்தோடு வெட்டுப்பட்டு, அதிர்வெண் காணாமல் போகும்.